கம்பிகளுக்கு உரை சொன்னவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மார்கழி இரவொன்றில் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். பனி கீழிறங்கிப் பாதையை மூடியிருந்தது. நம்முடையது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிக் கழித்த பழைய கார். சில வளைவுகள் கடந்ததும் இடப்பக்க முகப்பு விளக்கு மங்கிற்று. முழுதும் அணையவில்லை, நீறு பூத்த கங்குபோலச் செம்மை காட்டிக்கொண்டிருந்தது. பள்ளம் இருந்ததோ இடப்பக்கம். வலப்பக்க விளக்கு மலைச்சரிவின் பாறைகளை நன்றாகவே காட்டிற்று. நாம் காண வேண்டியிருந்த பாதையின் விளிம்பை அது காட்டவில்லை. உடன் வந்த நண்பர் டார்ச் விளக்குடன் முன்னால் நடக்க, அவர் நடையின் வேகத்திலேயே அடிவாரம் சேர்ந்தோம்.

அடுத்த பத்து நாட்களில் மூன்று இடங்களில் பழுது பார்த்தோம். முதலாமவர் பல்பை மாற்றினார். இரண்டாமவர் டிம்-பிரைட் சுவிட்சை மாற்றினார். மூன்றாமவர் பேட்டரி பழையது என்று சொல்லிப் புதியதை விற்றார். ஒவ்வொரு முறையும் விளக்கு இரண்டொரு நாள் எரிந்து மீண்டும் கங்காயிற்று. நான்காவதாகக் கள்ளக்குறிச்சியில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடையில் முதிய எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் சென்றோம். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். வண்டியை அவர் உடனே தொடவில்லை. கேள்வி ஒன்றே கேட்டார்.

“டிம்முல வெச்சா டேஷ்போர்டுல அந்த நீல லைட்டு லேசா எரியுதா சார்?”

“கவனிக்கலைங்கண்ணே.”

போட்டுப் பார்த்தோம். எரிந்தது. பிரைட்டில் மட்டுமே ஒளிர வேண்டிய அந்தச் சிறு விளக்கு, டிம்மில் இருக்கும்போதே மின்மினிபோலத் தெரிந்தது. இத்தனை நாளும் கண்ணெதிரே இருந்த அதனை நாம் பார்க்கவேயில்லை.

“அப்ப லைட்டுல ஒண்ணுமில்ல. எர்த்து போயிருக்கு. கரண்டு தன் வழியில வீட்டுக்குப் போவ முடியாம, அடுத்தவன் தோட்டத்து வழியா சுத்திக்கிட்டுப் போவுது.”

அவர் சொன்னதன் பொருள் இது. ஒரு முகப்பு பல்புக்குள் டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு இழைகள் உள்ளன. இரண்டுக்கும் திரும்பும் கம்பி ஒன்றே. அந்தக் கம்பி வண்டியின் உடலோடு சேரும் இடம் துருவேறி அறுந்தால், டிம் இழை வழியே வந்த மின்னோட்டம் வெளியேற வழியின்றி அதே பல்பின் பிரைட் இழைக்குள் பின்புறமாக நுழைகிறது. அங்கிருந்து பிரைட் கம்பியில் எதிர்த்திசையில் ஓடி, வலப்பக்க பல்பின் பிரைட் இழை வழியாக, பழுதில்லாத அதன் எர்த்தைச் சென்று சேர்கிறது. பன்னிரண்டு வோல்ட்டை இப்போது மூன்று இழைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆதலால்தான் இடப்பக்கம் கங்கு. ஆதலால்தான் பிரைட் கம்பியோடு இணைந்த நீல விளக்கில் அந்த மினுக்கம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை இடப்பக்க விளக்கின் எர்த் கம்பியிலும் வைத்தார். சுழியத்தை ஒட்டிக் காட்டியிருக்க வேண்டிய மீட்டர் ஏழு வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. விளக்குக்குப் பின்னால் தகட்டில் ஒரு திருகு. அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி மீண்டும் முடுக்கினார். மொத்தம் இருபது நிமிடம். பல்பை இடையிடையே அசைத்தபோதெல்லாம் அந்தத் திருகும் சற்றே அசைந்து பற்றிக்கொண்டிருந்ததே முந்தைய மூன்று வைத்தியங்களும் இரண்டொரு நாள் பலித்ததன் இரகசியம்.

இதனை எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டபோது, நீண்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பக்கந்தோறும் வண்ணப் பென்சிலால் வரைந்த வயரிங் படங்கள். அந்த நோட்டுத்தான் நம்மை இக்கட்டுரைக்கு இட்டுவந்தது.

தமிழாசிரியர்க்கு முதலில் சொல்லின்மேல்தான் ஐயம் எழும். நான்கு ரப்பர்ச் சக்கரங்களின்மேல், பூமியைத் தொடாமல் நிற்கும் வண்டிக்கு ‘எர்த்’ ஏது? இதற்கு விடை காருக்கு முந்தியது. 1838இல் மியூனிக் நகரப் பேராசிரியர் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் என்பார், தந்திக்கு இரண்டு கம்பிகள் தேவையில்லை, திரும்பும் வழியாக மண்ணே போதும் என்று கண்டறிந்தார். தந்தித் தொழிலில் கம்பியின் செலவு பாதியாயிற்று. பிற்காலத்தில் கார் செய்தவர்களும் அதே சிக்கனத்தை மேற்கொண்டு, பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பி, திரும்பி வர வண்டியின் இரும்புடல் என்று அமைத்தனர். மண் போய் இரும்பு வந்தது. பெயர் மட்டும் ‘எர்த்’ என்றே நின்றுவிட்டது. செர்மானியர் இதனை ‘மாஸ்’, அதாவது திரள் என்பர். பொருளுக்கு அதுவே நெருக்கமான சொல் எனலாம். ஆனால் கள்ளக்குறிச்சிக்கு வந்தது ஆங்கிலேயரின் சொல்.

தொடக்கக் காலக் கார்களில் படிக்கத்தக்க கம்பி அதிகமில்லை. 1903இல் சென்னைச் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் உருவாக்கிய கார் நீராவியால் ஓடியது. பெட்ரோல் கார்களில் 1902இல் பாஷ் நிறுவனம் தந்த உயரழுத்த மாக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. முகப்பு விளக்குகளோ கார்பைடு விளக்குகள். நம் ஊர்த் திருவிழாக்களில் தலைச்சுமையாகச் சென்ற அதே இனம். 1912இல் கெட்டரிங் என்பாரின் முயற்சியால் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டரும் விளக்கும் இக்னிஷனும் ஒரே பேட்டரி அமைப்பின்கீழ் வந்தன. கம்பிகள் பெருகத் தொடங்கியது அதன் பிறகுதான். பெருகிய கம்பிகளைத் துணியால் சுற்றிக் கட்டாக்கினர். கட்டுக்குள் எது எங்கே போகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. எனவே படம் தேவைப்பட்டது.

அந்தப் படம் இரு வகையாக வளர்ந்தது. பழைய பிரித்தானிய முறையில் தாள்தான் வண்டி. முகப்பு விளக்குகள் ஒரு விளிம்பில், பின்விளக்குகள் எதிர் விளிம்பில், நடுவே சுவிட்சுகளும் பியூஸ் பெட்டியும். பொருள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று உடனே தெரியும். மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று தெரிய, பின்னிக் கிடக்கும் கோடுகளை விரலால் தொடர வேண்டும். மற்றொன்று, வோக்ஸ்வாகன் முதலிய செர்மானிய நிறுவனங்கள் 1970களில் பரவலாக்கிய மின்னோட்டப் படம். இதில் வண்டியின் உருவமே இராது. தாளின் மேலே பேட்டரியின் நேர்முனைக் கோடு, கீழே எர்த் கோடு, இடையில் ஒவ்வொரு சுற்றும் மேலிருந்து கீழாக ஒரு நிரல். அதனைப் படிக்க எளிது. ஆனால் அந்தத் திருகு வண்டியில் எங்கே இருக்கிறது என்று அப்படம் உடனே காட்டாது.

இவற்றைக் கண்டபோது நமக்கு நன்னூலின் பொருள்கோள்கள் நினைவுக்கு வந்தன. தொழில்நோய் என்று வாசகர்கள் பொறுத்தருள்க. மின்னோட்டப் படம் ஆற்றுநீர்ப் பொருள்கோள். மேலிருந்து வழுவாமல் இறங்கிவிடும். பிரித்தானியப் படமோ கொண்டுகூட்டு. இங்கொரு சொல்லையும் அங்கொரு சொல்லையும் எடுத்து வந்து கூட்டினால்தான் பொருள் பிறக்கும். இரண்டிலும் அடிப்படை விற்பூட்டு: கடைசிச் சொல் முதற்சொல்லோடு சென்று பூண்டால்தான் செய்யுள் நிறைவுறும், கிளம்பிய பேட்டரிக்கே மின்னோட்டம் திரும்பினால்தான் விளக்கு எரியும். இடப்பக்க விளக்கில் நேர்ந்தது ஒரு தவறான கொண்டுகூட்டு. நல்ல உரையாசிரியர் அதனைச் செய்யுளைப் பிரிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

இனி வண்ணங்கள். பிரித்தானிய வண்டிகளில் லூகாஸ் நிறுவனத்தின் வழக்கம் ஏறக்குறையப் பொதுவிதியாயிற்று. பழுப்பு, பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வரும் தலைக்கம்பி. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பின் பியூஸ் கடந்தது. ஊதா, சாவி இல்லாமலே பியூஸ் வழி வருவது. நீலம் முகப்பு விளக்குக்கு. அதில் வெள்ளைக் கோடிருந்தால் பிரைட், சிவப்புக் கோடிருந்தால் டிம். சிவப்பு சிறு விளக்குகளுக்கு. கறுப்பு எர்த். ஆங்கிலத்தில் கறுப்பு, பழுப்பு, நீலம் மூன்றும் ‘பி’ என்ற ஒரே எழுத்தில் தொடங்குவதால், படத்தில் கறுப்புக்கு மட்டும் ‘பி’யைக் கொடுத்து, பழுப்புக்கு அச்சொல்லின் கடைசி எழுத்தான ‘என்’னையும் நீலத்துக்கு இடையெழுத்தான ‘யூ’வையும் தந்தனர். அதே இடர்ப்பாடு நம் எலக்ட்ரீஷியனின் நோட்டிலும் உண்டு. பச்சையும் பழுப்பும் இரண்டும் ‘ப’. அவர் பச்சைக்கு ‘இலை’ என்றும் பழுப்புக்கு ‘மண்’ என்றும் எழுதியிருந்தார். எந்தக் குழுவும் கூடி ஆக்காத கலைச்சொற்கள்.

இந்த வண்ண இலக்கணம் நம் நாட்டில் வேரூன்றியதற்குக் காரணம் வண்டிகளின் குலவழி. மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு காரைத் தழுவி 1954இல் லேண்ட்மாஸ்டரும், பின்னர் 2014 வரை வெளிவந்த அம்பாசடரும் வந்தன. 1961இல் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்க, டைனமோவும் ஸ்டார்ட்டரும் சென்னைப் பாடியிலேயே உருவாயின. டைனமோ, கட்-அவுட், செல்ஃப் என்னும் சொற்கள் சிற்றூர்ப் பேருந்து ஓட்டுநர் நாவிலும் புழங்கின. அக்காலத்து பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் இரண்டே பியூஸ்கள். முகப்பு விளக்குக்குப் பல வண்டிகளில் பியூஸே இல்லை. ஓர் இடத்தில் கம்பி உரசினால் ஹார்னும் வைப்பரும் பெட்ரோல் அளவுமானியும் சேர்ந்து நின்றுபோகும். அதைக் கண்டறிய அவர்கள் கையாண்ட முறை அழகானது. எரிந்துபோன பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைச் செருகுவார்கள். ஷார்ட் உள்ளவரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக்கொண்டே வரும்போது எந்தக் கிளையில் பல்பு மங்குகிறதோ அங்கே குற்றவாளி. படம் பார்க்கத் தெரிந்தவர் முதலில் நடுவில் கழற்றுவார். பாதி வண்டி ஒரே அசைவில் விடுதலையாகும். தெரியாதவர் முகப்பிலிருந்து தொடங்கி மாலைவரை கழற்றிக்கொண்டிருப்பார்.

தவறாகப் படித்தால் தண்டனையும் உண்டு. 1930களின் பிற்பகுதி முதல் 1960கள் வரை பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை பேட்டரியின் நேர்முனையை எர்த் ஆக்கியவை. ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும் வந்தபின் உலகம் எதிர்முனை எர்த்துக்கு மாறிற்று. இரண்டு தலைமுறை வண்டிகளும் ஒரே கடைக்கு வந்த காலத்தில், பழக்கத்தால் பேட்டரியை மாற்றிப் பூட்டியவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஆல்டர்னேட்டரின் டையோடுகளை எரித்தார்கள். வண்ணத்திலும் இதே பொறி. பிரித்தானியப் பழுப்பு உயிருள்ள தலைக்கம்பி. செர்மானியப் பழுப்பு எர்த். நோட்டின் ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் கட்டம் கட்டி, ‘இங்கு மண் என்றால் மண்ணே’ என்று எழுதியிருந்தார். அடிக்குறிப்பு எழுதும் நமக்கு அப்பக்கத்தைக் கண்டு பொறாமையே உண்டாயிற்று.

வண்டியோடு வந்த கையேடுகளும் படங்களும் ஆங்கிலத்தில் அச்சானவை. தமிழில் முயற்சி இல்லாமலில்லை. கல்வராயன் மலையின் மறுபுறத்துச் சேலத்தில் 1916இலேயே இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் நிறுவினர். 1948இல் கோவையிலிருந்து கலைக்கதிர் இதழ் வெளிவரலாயிற்று. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்பன பாடநூல்களில் நிலைபெற்றன. ஆனால் அச்சொற்கள் தேர்வுக்கூடத்தோடு நின்றன. பட்டறையில் கரண்டும் வோல்ட்டும் லூஸ் காண்டாக்ட்டும் ஆண்டன. இதில் எவரையும் குறை சொல்ல நாம் விரும்பவில்லை. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையிலும் தமிழ் இருந்தது. ‘கரண்டு வீட்டுக்குப் போவணும்’ என்பது சுற்று என்னும் கருத்தின் துல்லியமான விளக்கம். அடுத்தவன் தோட்டம் என்பதற்கு நிகராக நம் பாடநூல்களில் ஒரு தொடர் கிடையாது. சொல்லாக்கக் குழுக்கள் அகராதிகளைப் புரட்டின. கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றிருக்கலாம்.

கள்ளக்குறிச்சியில் இத்தொழிலுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை. உளுந்தூர்ப்பேட்டை–சேலம் சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் இரவெல்லாம் ஊர்கின்றன. டிரெய்லருக்கு மின்சாரம் போவது ஏழு ஊசிச் சாக்கெட் ஒன்றின் வழியாக. கரும்பு ஏற்றும்போது கம்பி இழுபடும். தோகை விளக்கை மூடும். சாக்கெட்டுக்குள் சேறு புகும். பின்விளக்கில்லாத கரும்புச் சுமை இருட்டில் சாலையின் நிறத்திலேயே இருக்கும். பின்னால் இருசக்கர வண்டியில் வருபவனுக்கு அது தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். பருவத்தில் டிரெய்லர் எர்த்தைச் சரிசெய்யக் கூலி வாங்குவதில்லை என்று அவர் பொதுவாகச் சொன்னார். காரணம் கேட்டோம், பதில் சொல்லாமல் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலும் கேட்கவில்லை.

மலையின் கதை வேறு. ஜாகீர்தார்களின் கையிலிருந்து கல்வராயன் மலை அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்ததே 1976இல்தான். நல்ல சாலைகள் அதற்கும் பின்னர் மெல்ல மெல்ல வந்தவை. சாலை சரியாக அமையாத இடங்களுக்கெல்லாம் ஜீப்தான் வாகனம். போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் ஆறு வோல்ட் வண்டி. ஒரே வெளிச்சத்துக்குப் பன்னிரண்டு வோல்ட் வண்டியைவிட இரு மடங்கு மின்னோட்டம் தேவை. ஆகவே துருவேறிய இணைப்பு அதில் இரு மடங்கு வோல்ட்டை விழுங்கும், இருப்பதோ பாதி. பன்னிரண்டு வோல்ட்டிலேயே ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறையக் கால் பங்கு போய்விடும். நிறைமாதக் கர்ப்பிணியையோ பாம்பு தீண்டியவரையோ ஏற்றிக்கொண்டு இரவில் இறங்கும் வண்டிக்கு அந்தக் கால் பங்கு என்னவென்று, டார்ச் வெளிச்சத்தின் பின்னால் ஊர்ந்து இறங்கிய நமக்குச் சிறிதளவு தெரியும். பனிக்காலத்தில் எர்த் முனைகள் துருப்பிடிப்பதும், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டிகளில் எலி புகுந்து கம்பியைக் கடிப்பதும் மலை வண்டிகளின் நிரந்தர நோய்கள். எலி கடித்த கட்டைப் பிரித்தால் சில இடங்களில் வண்ணமே எஞ்சியிராது. அங்கே படமும் உதவாது. ஒவ்வொரு முனையாக மீட்டர் வைத்துத் தேட வேண்டும். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட சீரை ஊகிக்கும் வேலைதான்.

1986இல் பாஷ் நிறுவனம் கேன் என்னும் முறையை உலகுக்கு அறிமுகம் செய்தது. முறுக்கிய இரண்டே கம்பிகளில் பல கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் நாடெங்கும் வந்தபின், புதிய வண்டியின் கோளாற்றைக் கேட்க ஸ்கேனர் இல்லாமல் முடிவதில்லை. பழைய பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைக் கணினிக் கம்பியில் வைத்தால் கணினியே பழுதாகலாம். முதியவர் இதையும் விட்டுவிடவில்லை. நோட்டின் பிற்பகுதியில் இரண்டு கம்பிகள் பின்னலாக வரையப்பட்டு, அருகே ‘60’ என்று மட்டும் எழுதியிருந்தது. இரு கோடியிலும் 120 ஓம் தடைகள். பேட்டரியைக் கழற்றி இரு கம்பிக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு கோடி அறுந்திருக்கிறது. அவரிடம் தொழில் கற்கும் பேரன் ஸ்கேனர் வைத்திருக்கிறான். மின்னழுத்தம் குறைவு என்று அது சொல்லும்; எந்தத் திருகில் துரு என்று சொல்லாது. அதற்குத் தாத்தாவைக் கூப்பிடுகிறான்.

நோட்டை இரவல் கேட்டோம். ஒரு வாரத்தில் திருப்பித்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தார். மாணவர் இருவருடன் அமர்ந்து, மங்கிய பென்சில் எழுத்துகளை மையால் படியெடுத்தோம். வண்டியின் பெயரில்லாத ஒரு பக்கத்தில், சுவிட்சிலிருந்து கிளம்பிய நீலக்கோடு ஒன்று தாளின் நடுவே வந்து நின்றுபோயிருந்தது. எழுத மறந்த இணைப்போ என்று கருதி, திருப்பிக் கொடுக்கும்போது விரல் வைத்துக் கேட்டோம்.

கண்ணாடியை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார். “இது மலையில ஓடுன ஜீப்பு சார். பாதி வேலையில, அவசரம்னு எடுத்துக்கிட்டுப் போனாங்க. இந்த வயரு எங்க போவுதுன்னு நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டேன். அந்த வண்டி திரும்பி வரவேயில்ல.”